சேவை அச்சும் பொன்முடி அடுப்பும்

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் எலுமிச்சம்பழச் சேவையைப் பார்த்து அழுதுவிட்டேன்.

தேம்பவில்லை, அந்த அளவுக்கு இன்னும் போகவில்லை. ஆனால் மூக்கு ஒழுகியது, மேல்வேஷ்டியால் துடைத்துக்கொண்டேன். பரிமாற வந்தவர் கரண்டியை அந்தரத்தில் பிடித்தபடி, "என்ன சார், பச்சமிளகாயா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். எதிர்வரிசை மாமி ஒருத்திக்கு அந்தப் பதில் போதவில்லை. பக்கத்து இலைக்காரியிடம் சொன்னாள்: "பொண்ணோட அம்மாவை இவர் ஒருக்கா பொண்பாக்கப் போயிருக்கார், கேட்டேளா. ஜாதகம் சேரலை. பாவம், இன்னும் மனசுல இருக்காக்கும்."

பெண் பார்க்கப் போனது நிஜம். பஜ்ஜி நன்றாக இல்லை என்று திரும்பி வந்ததும் நிஜம். சாயங்காலத்துக்குள் செய்தி கரமனை ஆற்றங்கரை வரை போய்த் திரும்பி விசாலத்தின் காதுக்கு வந்துவிட்டது. அவள் சண்டை போடவில்லை. சாதத்துக்கு மோர் விடும்போது, "சேவைக்கா, அவளுக்கா?" என்று மட்டும் கேட்டாள். "சேவைக்கு" என்றேன். "அப்படின்னா சரி" என்றாள். என் மனைவிக்கே புரிந்தது உனக்குப் புரியாமலா இருக்கும்?

நீ கண்ணை மூடி ஒரு மழைக்காலம் முழுசாக முடிந்துவிட்டது. தெருவில் யார் போனாலும் நான் ஒரு வேடிக்கைக் கட்டுரை எழுதிவிடுவேன் என்பது எனக்கு இருக்கும் கெட்ட பெயர்களில் ஒன்று. போனவரின் மூக்குப்பொடி, அவர் வேஷ்டி கட்டும் லட்சணம் என்று ஏதாவது கிடைத்துவிடும். உன்னைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பேனா நகரவில்லை. அதனால் உன்னைப் பற்றி எழுதாமல் உனக்கே எழுதுகிறேன். இன்னும் கேவலம் ஒன்று உண்டு. எங்கள் அடுப்பில் சுடர் மஞ்சளானால் கால் தானாக உன் வீட்டுக்கு நடக்கிறது. வாசல் கொண்டியில் கை வைத்த பிறகுதான் ஞாபகம் வருகிறது. அப்படியே திரும்பினால் தெருவில் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்று, உன் மனைவியிடம் மணி கேட்டுவிட்டு வருகிறேன். என் கடிகாரம் கெட்டுக் கிடக்கிறது என்று அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

கேஸ் அடுப்பு நம் தெருவுக்கு வந்த புதிதில் உனக்கு இருந்த மவுசை நினைத்துப் பார்க்கிறேன். நீ எஞ்சினீயரிங் கல்லூரிப் பட்டறையில் வேலை சொல்லிக்கொடுப்பவன். நான் சர்க்கார் ஆபீசில் கோப்புகளை இந்த மேஜையிலிருந்து அந்த மேஜைக்கு வழியனுப்பி வைப்பவன். சாயங்காலம் ஒரே பஸ்ஸில் திரும்புவோம். நீ செருப்பைக் கழற்றுமுன் யாராவது ஒரு மாமி வந்து நிற்பாள். "பாத்திரமெல்லாம் கரி புடிக்கறது, செத்த வந்து பாரேன்." நீ போய் அடுப்பின் முன் குந்துவாய். சுடரைப் பார்ப்பதற்கு முன் காதைக் கொடுத்துக் கேட்பாய். "காத்து போறலை" என்பாய். வாயு ஊசித்துளை வழியாகச் சீறி வரும்போது பக்கத்துக் காற்றையும் இழுத்துக்கொண்டு போகவேண்டும், காற்று குறைந்தால் சுடர் மஞ்சளாகிக் கரி கக்கும், கூடினால் பர்னரை விட்டுத் துள்ளி அணைந்துபோகும் என்று மறுநாள் பஸ்ஸில் எனக்குப் பாடம் நடத்துவாய்.

எனக்கா பாடம் வேண்டும்? எந்த மாமியார் ராத்திரி ரெகுலேட்டரைக் கழற்றித் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள், யார் ஆத்தில் விறகடுப்புத்தான் ஆசாரம் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கேஸில் காப்பி போடுகிறார்கள், அது வேண்டும். நீ சமையலறைகளில் பார்த்ததை நான் பத்திரிகையில் எழுத, தெருவில் பாதிப்பேர் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். உன்னோடு நிறுத்தவில்லை. உன்னோடு நிறுத்தினால் அடுப்பு எரியாதே.

அப்போதுதான் விசாலத்துக்குப் பொன்முடி மலையில் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. ஏங்கிக் காத்திருந்து கிடைத்த வேலை. மலை அவளுக்குப் பிடித்துவிட்டது. மலைக்குத்தான் அவளைப் பிடிக்கவில்லை. முதல் துலாமாத மழையிலேயே, அதாவது ஐப்பசியிலேயே, மூச்சிழுப்பு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தகரக்கூரை போட்ட ஒற்றை அறைதான் அவள் குடியிருப்பு. மூடுபனி ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வந்து போர்வையை நனைக்கும். குளிரில் நெஞ்சு அடைக்கும். விறகு மூட்டினால் புகையில் நெஞ்சு அடைக்கும். மண்ணெண்ணெய் அடுப்பின் நாற்றம் பட்டாலே உதடு நீலம் பாரிக்கும். தோட்டத்து ஆஸ்பத்திரி நர்ஸ் அம்மிணிச் சேச்சி, தேயிலை ஆலைக்குப் பின்னால் இருந்த தன் அறையிலிருந்து ஓடிவந்து ஊசி போடுவாள். ஊரெல்லாம் நனைந்து கிடக்கும்போதும் அவளுடைய வெள்ளைப் புடவை மட்டும் எப்படித்தான் காய்ந்திருக்குமோ, மொடமொடவென்று வந்து நிற்பாள். ஒருநாள் என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"சாரே, இந்தக் குட்டிக்குச் சூடு வேணும், புகை பாடில்லா, ஆகவே ஆகாது. அல்லெங்கில் கீழே கூட்டிக்கொண்டு போகணும். இன்னொரு மழைக்காலம் தாங்குமான்னு எனக்குத் தெரியாது."

கீழே வந்துவிடு என்றேன். வேலையை விட்டுவிடு என்றேன். "விட்டுட்டு, உங்க ஜோக்கைக் கேட்டுண்டு ஆத்துல உக்காந்திருக்கணுமா?" என்றாள், ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு வாங்கி. மாற்றல் மனு எங்கேயோ ஒரு மேஜையில் தூங்கிக்கொண்டிருந்தது. என்னைப் போன்ற ஒருவன் அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் ஏறி, மத்தியான பஸ்ஸில் இறங்குவேன். மலைக்கு இருந்த பஸ் அவ்வளவுதான். நடுவில் கிடைக்கும் நேரத்தில் அவள் எதிரே உட்கார்ந்திருப்பேன். சிரித்தால் அவளுக்கு இழுப்பு கூடியது. "சிரிக்க வெக்காதேங்கோ, மூச்சில்லை" என்று கையைக் காட்டுவாள். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அவளுக்கு விஷமாகிப் போனது. வாயை மூடிக்கொண்டு அவள் தோள்பட்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பஸ் வளைவு வளைவாக இறங்கும்போது, அடுத்த தடவை இந்த வளைவில் எதற்காக ஏறப்போகிறேனோ என்று ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வருவேன். அந்தக் கணக்கோடுதான் திங்கட்கிழமை ஆபீசுக்குப் போய் எல்லோரையும் சிரிக்க வைத்தேன்.

உன்னிடம் நான் இதையெல்லாம் சொல்லவே இல்லை. பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். கொஞ்ச தூரம் போனபிறகு, "புகையில்லாத சூடுதானேடா வேணும்? பண்ணலாம்" என்றாய்.

திருவனந்தபுரத்தில் உட்கார்ந்துகொண்டு குளிர்காயும் அடுப்பு செய்யக் கிளம்பியவர்கள் நம்மைத் தவிர வேறு யாரும் இருக்கமாட்டார்கள். "இங்க விசிறி நின்னா உயிர் போறது, இவாளுக்கு அடுப்பு வேணுமாம்" என்று தெரு சிரித்தது. வழக்கமாகத் தெருவைப் பார்த்துச் சிரிப்பவன் நான். முறை மாறியதில் அவர்களுக்குப் பரம திருப்தி.

"சமைக்கற பர்னர் போறாது" என்றாய். "அது பாத்திரத்தைத்தான் சுடும். அறையிலே உக்காந்திருக்கறவளுக்கு ஒண்ணும் வராது. ஏதாவது ஒண்ணு பழுத்துச் சிவந்து எதிர்ல நிக்கணும்." பொடிப்பொடியாகத் துளையிட்ட ஒரு தட்டு வேண்டும், துளைகளின் வாயிலேயே வாயு எரிந்து தட்டு சிவக்க வேண்டும் என்றாய். அத்தனை துளைகளையும் ஒரே சீராக யார் போட்டுக்கொடுப்பார்கள் என்று நீ தலையைச் சொறிந்தபோது, வாழ்க்கையில் முதலும் கடைசியுமாக எனக்கு எஞ்சினீயர் மூளை வேலை செய்தது. எங்கள் ஆத்தில் சேவை பிழியும் நாழி இருந்தது. அதன் அடியில் போடும் பித்தளை அச்சை மடியில் சொருகிக்கொண்டு உன் கொல்லைக் கொட்டகைக்கு வந்துவிட்டேன்.

முதலில் அந்த அச்சையே பர்னரின் வாயில் பொருத்தி ஏற்றினோம். அழகாகத்தான் எரிந்தது. பித்தளை சூடேறியதும் சுடர் துளை வழியே பின்பக்கம் நழுவி, உள்ளே டப்பென்று வெடித்தது. என் இடது புருவம் போயிற்று. பெண்டாட்டி மலைமேல் இருக்கும்போது இவன் முகத்தை யார் சுட்டது என்று ஆபீசில் ஒரு வாரம் விசாரணை நடந்தது. பித்தளை சூட்டைப் பின்னால் கடத்துகிறது, மண் அவ்வளவாகக் கடத்தாது என்றாய். களிமண்ணில் வில்லை தட்டி, அதன்மேல் அச்சை வைத்து, துளைக்குத் துளை குடைக்கம்பியால் குத்தி, நெடுமங்காட்டில் ஒரு சூளையில் வேகவைத்து வாங்கினோம். வெந்த மண் சுருங்கும் என்பது நமக்குத் தோன்றவில்லை. துளைகளும் சுருங்கிவிட்டன. ஏற்றியதும் வாயு வெளியே வரத் திணறி, மெலிசாக விசில் அடித்தது. நாம் இரண்டு பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றோம். விசாலத்தின் நெஞ்சில் கேட்கும் அதே சத்தம். நீ சட்டென்று அணைத்தாய். அன்று மேற்கொண்டு வேலை செய்யவில்லை.

இதற்கிடையில் அம்மா அச்சைத் தேட ஆரம்பித்தாள். எலி கொண்டுபோயிருக்கும் என்றேன். "பித்தளையைக் கடிக்கற எலிக்குப் பல்லு யாருடா கட்டிக் குடுத்தா?" என்றாள். அதற்குப் பிறகு எங்கள் ஆத்தில் ஓமப்பொடி அச்சில் பிழிந்த எதையோ சேவை என்று நம்பிச் சாப்பிட்டோம்.

குடைக்கம்பிக்குப் பதில் அதைவிடத் தடித்த சைக்கிள் சக்கரக் கம்பியால் குத்திய வில்லை பலித்தது. மீனமாதப் புழுக்கத்தில், கதவைச் சாத்திய கொட்டகையில், வெற்றுடம்போடு உட்கார்ந்து அது சிவப்பதைப் பார்த்தோம். முதலில் சாம்பல் நிறம், பிறகு செங்கல், பிறகு நன்றாகப் பழுத்த செவ்வாழைத்தோல் நிறம். வியர்வை கொட்டியது. "சூடு போறுமாடா?" என்று கேட்டாய். "தாங்கலை" என்றேன். அதைவிட சந்தோஷமாக ஒருவன் தாங்கலை என்று சொல்லியிருக்க முடியாது.

காத்திருந்து எங்கள் முறைக்கு வந்த சிலிண்டர், எங்கள் சமையலறையைப் பார்க்காமலே, தோட்டத்து லாரியில் அரிசி மூட்டைகளோடு மலையேறியது. வில்லையைப் பழைய வேஷ்டியில் சுற்றி நீ மடியில் வைத்துக்கொண்டாய். "சாமி, மடியில் எந்தா? பப்படமோ?" என்றான் கண்டக்டர். "ஆமாம், கொஞ்சம் கட்டியான பப்படம்" என்றாய்.

மலைமேல் அடுப்பை ஏற்றிய கொஞ்ச நேரத்தில் டிக்கென்று ஒரு சத்தம். வில்லை குறுக்கே பிளந்துவிட்டது. கரமனையில் பழமாகச் சிவந்தது, அங்கே மூடுபனியைக் குடித்து ஊறிப்போய், சூடு பட்டதும் வெடித்தது. அடுத்ததைத் தடிமனாகச் செய்தோம், அதுவும் வெடித்தது. வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழையை அவள் அம்மிணிச் சேச்சியின் ஊசியிலேயே ஓட்டினாள். துலாமழையும் தொடங்கிவிட்டது. அடுத்த வில்லையோடு நாம் போன அன்று அவளால் படுக்க முடியவில்லை. கட்டிலில் முன்பக்கம் குனிந்து, முழங்காலில் கையூன்றி உட்கார்ந்திருந்தாள். கழுத்து நரம்பு ஒவ்வொரு மூச்சுக்கும் கயிறாக எழும்பியது. நீ ஏற்றினாய். டிக்.

அன்று உன்னை என்னென்ன சொன்னேன் என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. உன் அடுப்பைக் கொண்டுபோய் ஆற்றில் போடு என்பதுதான் அவற்றில் மரியாதையானது. நீ குனிந்து சில்லுகளைப் பொறுக்கினாய். விசாலம்தான் தலையைத் தூக்காமல், "அவரை… ஏன்… வையறேள்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "புருவம்… ஒழுங்கா… முளைக்கலை… உங்களுக்கு" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கும் வந்தது. அவ்வளவுதான், அவளுக்கு மூச்சு நின்றுவிடும் போலாயிற்று. நான் சேச்சியைக் கூப்பிட மழையில் ஓடினேன். திரும்பி வந்தபோது நீ அந்தச் சில்லுகளைத் தரையில் ஒன்றோடொன்று ஒட்டாமல் தள்ளித்தள்ளி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். உனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். எனக்கும் பிடித்தால் தேவலை என்று நினைத்தேன்.

"ஒரே தட்டா வெச்சதாக்கும் தப்பு" என்றாய் இறங்கும் பஸ்ஸில். "சூட்டிலே விரியறதுக்கு அதுக்கு எடம் குடுக்கலை. சின்னச் சின்னதாப் பண்ணி நடுவிலே எடம் விடணும்." சின்ன வில்லைகளை இரும்புச் சட்டத்தில் பொருத்தி, இடுக்கில் கல்நார்க் கயிறு திணித்தாய். முதலில் சிம்மில் வைத்து ஈரத்தை ஓட்டிவிட்டுத்தான் ஏற்றவேண்டும் என்றாய். நான் திருகைத் திருப்பப் போனேன். உன் கை என் கையைப் பிடித்தது. "தீக்கு அவசரம் கிடையாதுடா. நமக்காக்கும் அவசரம்."

அந்த வில்லைகள் வெடிக்கவில்லை. மழையில் பஸ் வராததால் அன்று மலையிலேயே தங்கினோம். சாயங்காலம் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் இறுக்கிச் சாத்திக்கொண்டு, மூன்று பேரும் அந்தச் சிவப்புக்கு முன்னால் உட்கார்ந்தோம். விசாலம் கையை நீட்டிக் காய்ந்தாள். புடவைத் தலைப்பிலிருந்து ஆவி எழுந்தது. தோள்பட்டை ஏறி இறங்குவது கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. நீ மட்டும் தலை கனக்கிறது என்று எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாய். குளிர்காற்று உள்ளே அடித்தது. "உனக்குப் புத்தி இருக்கா?" என்று நான் போய்ச் சாத்தினேன். நீ மறுபடி திறந்தாய். மறுபடி சாத்தினேன். கடைசியில் அடுப்பை அணைத்துவிட்டு, "போறும், இன்னிக்கு அதுக்கு முதல் நாள்" என்றாய்.

அதற்குப் பிறகு அவளுக்கு அந்த மாதிரி இழுப்பு வரவில்லை. மாற்றல் மனு எழுந்து கொட்டாவி விட்டு ஊர்ந்து வரும்வரை மலையில் பாடம் நடத்தினாள். நான் போகும் ஞாயிறுகளில் அவளைச் சிரிக்க வைத்தேன். பழைய ஜோக்குகளை எல்லாம் மீண்டும் சொன்னேன். பகலில் அடுப்பு அணைந்தே இருக்கும்; ராத்திரிக்குத்தான் அது வேணும் என்று நீயும் சொல்லியிருந்தாய், சிலிண்டர் கணக்கும் உன்னுடையதுதான். மாதம் ஒருமுறை நீயும் கூட வந்து, அடுப்பைக் கழற்றிச் சரிபார்த்துப் பூட்டுவாய். அவள் இறங்கி வந்தபோது அடுப்பையும் சிலிண்டரையும் உன் கொட்டகையிலேயே வைத்துக்கொண்டாய். உன்னைப் பற்றி யார் கேட்டாலும், என் பெண்டாட்டியின் மூச்சு இவன் செய்த அடுப்பிலிருந்து வந்தது என்றுதான் சொல்லிவந்தேன். நீ தலையைக் குனிந்துகொள்வாய். தன்னடக்கம் என்று நினைத்தேன்.

இப்போதும் காலையில் காப்பிக்கு அடுப்பு ஏற்றும்போது சிம்மில் வைத்துக் கொஞ்ச நேரம் நிற்கிறேன். அதில் ஈரமும் இல்லை, மண்ணும் இல்லை. இருந்தாலும் உன் கை வந்து பிடிக்கும் என்று நிற்கிறேன். அந்தப் பித்தளை அச்சு என் ஆபீஸ் பையில் இருக்கிறது. சாப்பாட்டு டப்பாவோடு உரசிச் சத்தம் போடுகிறது. பஸ்ஸில் உன் இடத்தில் யாராவது உட்கார வந்தால் அந்தப் பையை அங்கே வைக்கிறேன். பிறகு வெட்கப்பட்டு எடுத்துக்கொள்கிறேன்.

நேற்று உன் மனைவி, "அண்ணா, கொட்டகையிலே அந்தச் சிலிண்டர் கிடக்கறது, பயமாருக்கு, எடுத்துண்டு போகச் சொல்லுங்கோ" என்றாள். கேஸ் கொண்டுவரும் ஆளை அழைத்துப் போனேன். காலி என்று நினைத்து ஒரு கையால் தூக்கப் பார்த்தான், அசையவில்லை. இரண்டு கையையும் போட்டான்.

"சாரே, இது நிறைச்சும் உண்டல்லோ. ஒருநாள் எரிஞ்சிருந்தால் அதிகம்."

வீட்டுக்கு வந்து விசாலத்திடம் கேட்டேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை. உன்னை அவள் அண்ணா என்றுதான் சொல்வாள்.

"அதை ஏத்தின மறுநாள் கார்த்தாலயே அண்ணா சொல்லிட்டாரே. கதவைச் சாத்திண்டு ஏத்தினா அது நம்ம மூச்சுக்காத்தையும் சேத்துத் தின்னுடும், ஏத்தப்படாதுன்னு. தொறந்து வெச்சுண்டு ஏத்தினா குளிர் உள்ள வரும். அப்புறம் அடுப்பு எதுக்கு? அம்மிணிச் சேச்சி அறையோட பின்சுவரும் ஆலையிலே தேயிலை உலர்த்தற எடமும் ஒரே சுவர். ராத்திரி பூரா கதகதன்னு இருக்கும். அண்ணாதான் கையை வெச்சுப் பார்த்து, இங்க படுத்துக்கோன்னார். வருஷம் பூரா அங்கதான் படுத்துண்டேன்."

"என்கிட்ட ஏன் யாரும் சொல்லலை?"

"அன்னிக்கு உங்க மூஞ்சி பூரிச்சிருந்த இருப்பைப் பார்த்துட்டு யாருக்குச் சொல்ல வாய் வரும்?"

ஆக, எரியாத அடுப்பின் ஊசித்துளையை நீ மாதம் தவறாமல் கழற்றி ஊதித் துடைத்திருக்கிறாய். நான் பக்கத்தில் குந்தி டார்ச் பிடித்திருக்கிறேன்.